கொடைக்கானல், ஊட்டி கேம்ப்ல டிஷ் வெச்சு டிவி பாக்குறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன்லயே மேட்ச் பாத்துட்டுப் போலாமே, எதுக்கு டிஷ்ஷ தூக்கிட்டு மலை ஏறணும்?

டவர் நல்லா கிடைக்கிற இடம்னா தாராளமா போன்லயே பாருங்க, யாரும் வேணாம்னு சொல்லல. கொடைக்கானல் டவுன், ஊட்டி, குன்னூர்ல எல்லாம் டிஷ் தேவையே இல்ல. ஆனா கொடைக்கானல் தாண்டி மன்னவனூர், கூக்கால், நீலகிரிப் பக்கம் கிண்ணக்கொரைன்னு உள்ள போயிட்டீங்கன்னா ஒரு வளைவுல மூணு கோடு இருக்கும், அடுத்த வளைவுல ஒண்ணுமே இருக்காது, இருக்குற ஒத்த டவர்லயும் சனி ஞாயிறு வந்தா மொத்த டூரிஸ்ட் கூட்டமும் தொங்கிட்டு கிடக்கும், கடைசி ஓவர்ல வட்டம் சுத்த ஆரம்பிச்சா அன்னிக்கு ராத்திரியே போச்சு. சேட்டிலைட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. 36,000 கிலோமீட்டருக்கு மேல இருந்து கொட்டிட்டே இருக்கு, நீங்க ஒரு ஆள் பாத்தாலும் பத்தாயிரம் பேர் பாத்தாலும் அதுக்கு ஒண்ணுதான்.

சுத்தி மலையா இருக்கே, சிக்னல் மறைக்காதா?

எல்லாரும் மொதல்ல கேக்குறதே இதைத்தான், எல்லாரும் தப்பா நினைக்கிறதும் இதைத்தான். காரணம் யூடியூப். அமெரிக்கா, ஐரோப்பாக்காரங்க போடுற வீடியோவுல "தெற்குப் பக்கம் திறந்த வெளி வேணும், குன்று மறைக்கக்கூடாது"ன்னு சொல்லுவாங்க. அவங்க ஊர் பூமத்திய ரேகைல இருந்து ரொம்ப தூரம், அதனால சேட்டிலைட் அவங்களுக்கு வானத்துல கீழ தெரியும். நாம இருக்குறது 10, 11 டிகிரி அட்சரேகைல. நமக்கு அது கிட்டத்தட்ட தலைக்கு மேல.

கொடைக்கானல்ல இருந்து 93.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு மேல நிக்கிற சேட்டிலைட்ட (டிடி ஃப்ரீ டிஷ் வர்றது இதுலதான்) பாக்கணும்னா தரையில இருந்து 68 டிகிரி உயரத்துக்கு அண்ணாந்து பாக்கணும். ஊட்டில 66. அவ்ளோ மேல. எதிர்ல 45 டிகிரிக்கு செங்குத்தா ஒரு மலை நின்னாகூட அதுக்கு மேல சாவகாசமா சிக்னல் வந்துரும். பள்ளத்துக்குள்ள கேம்ப் போட்டுட்டு "மேல ஏறி வெச்சாத்தான் வரும்"னு டிஷ்ஷ தூக்கிட்டு மூச்சு வாங்க ஏறுறவங்கள பாத்தா பாவமா இருக்கும், தேவையே இல்லாத வேலை.

நமக்கு வில்லன் மலை இல்ல, மரம். கற்பூர மரம், சீகை, பைன், டீ எஸ்டேட்டுக்கு நடுவுல நிக்கிற சில்வர் ஓக், இதெல்லாம் தலைக்கு மேல கூரை மாதிரி நிக்குது இல்லையா, ஈர இலை அந்த அலைவரிசைய அப்படியே குடிச்சிரும். கிளை நடுவுல வானம் தெரியுதே, வந்துரும்னு நினைக்காதீங்க, காத்து அடிச்சு கிளை ஆடுனா படம் கட்டம் கட்டமா உடையும்.

கணக்கு ஒண்ணு சொல்றேன், இடம் பாக்குறப்ப உதவும். 60 அடி மரம் ஒண்ணு சரியா சேட்டிலைட் திசையில நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. 93.5க்கு அந்த மரத்துல இருந்து 25 அடி தள்ளி டிஷ் வெச்சா போதும். டாடா ப்ளேவுக்கு 15 அடியே போதும். ஏர்டெல்லுக்கு மட்டும் 46 அடி தள்ளணும், அது கொஞ்சம் சாஞ்ச சேட்டிலைட். கிளை பரப்பு எவ்ளோ இருக்கோ அதையும் கூட்டிக்கோங்க. டென்ட்ட மரத்தடியில போடுங்க, டிஷ்ஷ வெட்டவெளியில வைங்க, நடுவுல ஒயர் ஓடட்டும்.

எந்த கனெக்‌ஷனுக்கு எந்தப் பக்கம் திருப்பணும்?

கொடைக்கானல வெச்சு சொல்றேன், நீலகிரிக்கு ஒண்ணு ரெண்டு டிகிரிதான் மாறும், கையில திருப்புறப்ப அது பெரிய விஷயமில்ல. காம்பஸ் நம்பர் வடக்கை 0ன்னு வெச்சு வலப்பக்கமா எண்ணுறது, உயரம்னா தரையில இருந்து எத்தனை டிகிரி அண்ணாந்து பாக்கணும்ங்குறது.

டாடா ப்ளே 83 டிகிரி கிழக்கு. காம்பஸ்ல 151, உயரம் 76. தெற்குல இருந்து கொஞ்சமா கிழக்கே, ஏறக்குறைய உச்சி.

டி2எச் 88 டிகிரி. காம்பஸ்ல 134, உயரம் 73. இது அச்சு அசல் அக்னி மூலை.

டிடி ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரி, ஜிசாட்-15ங்குற சேட்டிலைட். காம்பஸ்ல 122, உயரம் 68. டிஷ் டிவி 95 டிகிரி, அதுக்கு 119, 66.

சன் டைரக்டுக்கு 91.5, 93.5னு ரெண்டு நம்பரும் அடிபடும். 2010 ஜூலைல இன்சாட்-4பி சேட்டிலைட்டுக்கு பவர் கோளாறு வந்தப்ப அவங்க 91.5ல இருக்குற மீசாட்டுக்கு மாறுனாங்க, அப்புறம் 93.5லயும் வந்தாங்க, அந்தக் கதை. உங்க பாக்ஸ் மெனுவுல இன்ஸ்டலேஷன் பக்கம் போனா எதுன்னு தெரிஞ்சிரும். வித்தியாசம் காம்பஸ்ல மூணு நாலு டிகிரிதான்.

ஏர்டெல் 108.2 டிகிரி. காம்பஸ்ல 107, உயரம் 52. கிட்டத்தட்ட நேர் கிழக்கு. மரம் நிறைய இருக்குற கேம்ப்ல இந்த ஒண்ணுதான் அதிகமா படுத்தும்.

போன் காம்பஸ் போதும். ஆனா கார் பக்கத்துல நின்னு பாக்காதீங்க, இரும்பு முள்ள இழுக்கும். பத்தடி தள்ளிப் போய் பாத்துட்டு, அந்தத் திசையில தூரத்துல ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளம் வெச்சுக்கிட்டு வாங்க.

68 டிகிரின்னு சொல்றீங்க, ஆனா ஊருக்குள்ள எந்த டிஷ்ஷும் அவ்ளோ அண்ணாந்து நிக்கலையே?

நல்ல கேள்வி. நம்ம வீட்டு டிஷ் எல்லாம் ஆஃப்செட் டைப். எல்என்பி (சிக்னல வாங்குற மூக்கு மாதிரி துண்டு) நடுவுல இல்லாம கீழ கையில நீட்டிட்டு இருக்கு பாருங்க, அதனால டிஷ்ஷோட முகம் பாக்குற திசை வேற, அது சிக்னல் வாங்குற திசை வேற. ரெண்டுக்கும் சுமார் 25 டிகிரி வித்தியாசம். அப்ப 68 டிகிரி சேட்டிலைட்டுக்கு டிஷ் தகடு செங்குத்துல இருந்து 43 டிகிரி பின்னால சாஞ்சா போதும். பின்பக்க கிளாம்ப்ல கோடு போட்ட ஸ்கேல் இருந்தா பெரும்பாலும் இந்தக் கழித்தல் எல்லாம் போட்டுத்தான் அச்சடிச்சிருப்பாங்க, நேரா 68ல வைக்கலாம். ஸ்கேல் அழிஞ்சு போச்சுன்னா, மேல் விளிம்புல இருந்து கீழ் விளிம்புக்கு ஒரு நேரான குச்சிய வெச்சு அதுமேல போன வெச்சு லெவல் ஆப்ல சாய்வு பாருங்க.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

60 செமீ டிஷ், எல்என்பி, செட்டாப் பாக்ஸ், ரிமோட் (இதை மறந்துட்டு வர்றவங்கதான் அதிகம், ரிமோட் இல்லாம பாதி பாக்ஸ்ல சிக்னல் பக்கமே திறக்காது), ஆர்ஜி-6 ஒயர் (டிஷ்ஷுக்குப் போடுற கேபிள்) 20 மீட்டர், ரெண்டு பக்கமும் எஃப் கனெக்டர் (திருகி மாட்டுற முனை) போட்டது, கூடவே நாலு கனெக்டர் உபரி. கிளாம்ப் நட்டுக்குப் பொருந்துற ஸ்பேனர் ரெண்டு, இன்சுலேஷன் டேப், மார்க்கர் பேனா, ஹெட்லைட். பீப் அடிக்கிற சேட்டிலைட் ஃபைண்டர் மீட்டர் சின்னதா கிடைக்குது, இருந்தா சீக்கிரம் முடியும், இல்லாட்டியும் ஒண்ணும் குடி முழுகாது. ஒயர் 30 மீட்டருக்கு மேல போகாம பாத்துக்கோங்க, நீளம் கூடக் கூட சிக்னல் தேயும். ரெண்டு ஒயர ஜாயின்ட் போட்டு ஓட்டுறதும் வேணாம், அந்த ஜாயின்ட்லதான் மொதல்ல தண்ணி இறங்கும்.

டிஷ்ஷ எதுல நிறுத்துறது?

இதுலதான் பாதி பேர் கோட்டை விடுறாங்க, திசையில இல்ல. 60 செமீ டிஷ் சிக்னல் வாங்குற கோணம் மொத்தமே மூணு டிகிரி அகலம்தான். நடுவுல இருந்து ஒன்றரை டிகிரி விலகுனா பாதி சிக்னல் காலி. 60 செமீ தகட்டுல ஒரு டிகிரின்னா ஒரு விளிம்பு எதிர் விளிம்பை விட ஒரு சென்டிமீட்டர் நகருறது, அவ்ளோதான். இப்ப யோசிச்சுப் பாருங்க, சாயங்காலம் காஞ்சு கிடந்த மண்ணுல ஸ்டாண்ட் வெச்சீங்க, ராத்திரி பனி இறங்கி மண்ணு ஊறி ஒரு கால் மட்டும் ஒரு செமீ உள்ள போச்சு, படம் போச்சு. நீங்க எல்என்பி கெட்டுப் போச்சுன்னு அதைக் கழட்டிட்டு இருப்பீங்க.

அதனால முக்காலி ஸ்டாண்ட் ஒவ்வொரு கால் அடியிலயும் ஒரு தட்டைக் கல்லோ பலகைத் துண்டோ குடுங்க. நடுவுல தண்ணி கேனோ கல்லு நிரப்பின சாக்கோ தொங்க விடுங்க, மலை மேட்டுல காத்து லேசுப்பட்டதில்ல. கார்ல இடம் இருந்தா இன்னும் நல்லது, 20 லிட்டர் பெயிண்ட் வாளியில கான்கிரீட் கொட்டி நடுவுல ஒன்றரை இஞ்சு பைப் நட்டது, அசையவே அசையாது, தூக்குறப்ப இடுப்பு மட்டும் உங்களத் திட்டும்.

கம்பம் செங்குத்தா நிக்கணும். ரசமட்டம் இருந்தா சரி, இல்லன்னா கயித்துல கல்லு கட்டி தூக்குகுண்டு மாதிரி ரெண்டு பக்கம் பிடிச்சுப் பாருங்க. கம்பம் சாஞ்சிருந்தா கிளாம்ப்ல 68னு காட்டுறது 68ஏ இல்ல, திருப்பத் திருப்ப உயரமும் சேந்து மாறும், ராத்திரி பூரா தேடலாம். ஊட்டி முத்தோரைல 530 மீட்டர் நீளத்துல ரேடியோ டெலஸ்கோப் இருக்கே, அதை வேணும்னே 11 டிகிரி சரிவுல கட்டினாங்க, அந்த இடத்தோட அட்சரேகையும் 11 டிகிரிங்குறதால பூமியோட அச்சுக்கு இணையா படுத்துக்கிச்சு, 1970ல இருந்து வேலை செய்யுது. அந்த சரிவு அவங்களுக்கு வரம், நமக்கு சாபம்.

பூம்பாறை மாதிரி இடத்துல படிக்கட்டு வயல் நல்ல வெட்டவெளி, டிஷ்ஷுக்கு அருமையான இடம். ஆனா பூண்டுப் பாத்திக்குள்ள ஸ்டாண்ட் கால ஊனாதீங்க. வரப்போரம் வைங்க, அதுவும் தோட்டக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு.

சரி, வெச்சாச்சு. சிக்னல் எப்படி புடிக்கிறது?

ஒயர மாட்டுறப்ப பாக்ஸ் ஆஃப்ல இருக்கணும், அந்த ஒயர்லயே எல்என்பிக்கு 13, 18 வோல்ட் போகுது, ஷார்ட் ஆச்சுன்னா பாக்ஸ் அடி வாங்கும். மாட்டிட்டு ஆன் பண்ணி சிக்னல் பக்கத்தைத் திறங்க. உயரத்தை மொதல்ல செட் பண்ணி அந்த நட்டை முக்கால்வாசி இறுக்கிருங்க. அப்புறம் கம்பத்து நட்டை மட்டும் லூஸ் பண்ணி, அடையாளம் வெச்ச பாறைக்கு இருபது டிகிரி முன்னாடி இருந்து மெதுவா, ரொம்ப மெதுவா திருப்புங்க. நூலளவு நகர்த்து, நிறுத்து, ரெண்டு மூணு செகண்ட் காத்திரு, மறுபடி நூலளவு. பாக்ஸ் சிக்னல கண்டுபிடிச்சு திரையில காட்ட நேரம் எடுக்கும், நீங்க சர்ருன்னு திருப்புனா சேட்டிலைட்ட தாண்டிப் போனதே தெரியாது. டென்ட்டுக்குள்ள ஒருத்தர் "வருது வருது... போச்சு!"ன்னு கத்துறது இதனாலதான், அவர் "வருது"ன்னு சொல்றப்ப நீங்க அதைக் கடந்து போயிட்டீங்க.

ஒரு சுத்து முழுசும் வரலன்னா உயரத்தை ரெண்டு டிகிரி ஏத்தி இன்னொரு சுத்து, அப்புறம் ரெண்டு டிகிரி இறக்கி இன்னொண்ணு. கிடைச்சதும் இடப்பக்கம் குறையிற இடம், வலப்பக்கம் குறையிற இடம் ரெண்டையும் பாத்துட்டு நட்ட நடுவுல நிறுத்துங்க. உயரத்துக்கும் அதே மாதிரி. எல்என்பிய அதோட பிடியில லேசா முறுக்கிப் பாக்குறது கடைசி வேலை. நட்டை இறுக்குறப்ப ஒண்ணையே முழுசா முறுக்காம மாத்தி மாத்தி இறுக்குங்க, இல்லன்னா இறுக்குற வேகத்துலயே டிஷ் நகர்ந்திரும்.

ஸ்ட்ரெங்த் 80 காட்டுது, குவாலிட்டி ஜீரோ. என்ன அர்த்தம்?

எல்என்பி உயிரோட இருக்கு, ஒயர் நல்லாருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒண்ணுமில்ல. டிஷ்ஷ தரையைப் பாத்து கவுத்து வெச்சாகூட ஸ்ட்ரெங்த் ஏதோ காட்டும். குவாலிட்டிதான் கணக்கு. குவாலிட்டி நல்லா வந்தும் சேனல் எதுவும் வரலன்னா பக்கத்து சேட்டிலைட்டுல நிக்கிறீங்க, நம்ம வானத்துல 88, 91.5, 93.5, 95னு வரிசையா உக்காந்திருக்குல்ல, கொஞ்சம் நகர்த்துங்க.

வீட்டு பாக்ஸையே கழட்டி எடுத்துட்டுப் போலாமா?

டெக்னிக்கலா ஓடும். ரீசார்ஜ் இருந்தா போதும், பாக்ஸுக்கு திண்டுக்கல்லும் மன்னவனூரும் ஒண்ணுதான். ஆனா நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல பதிவு பண்ண முகவரியில மட்டும்னு இருக்கான்னு ஒருதரம் படிச்சுப் பாருங்க.

கேம்ப்புக்குன்னே தனியா வேணும்னா ஃப்ரீ டிஷ் வாங்கிருங்கன்னுதான் சொல்லுவேன். தூர்தர்ஷன் 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் ப்ளஸ்னு ஆரம்பிச்சது, பாக்ஸ் ஒருதரம் வாங்குனா மாசக் கட்டணம் கிடையாது, வருஷத்துல நாலு தடவை எடுக்குற பொருளுக்கு மாசாமாசம் எதுக்குக் காசு கட்டணும். டிடி தமிழ் வரும், நியூஸ் வரும். சன், விஜய் எல்லாம் அதுல வராது, ஐபிஎல்ல நம்பியும் வாங்காதீங்க.

கரன்ட்டுக்கு என்ன பண்றது? கார் பேட்டரி தாங்குமா?

தாங்கும், அளவா. 24 இஞ்சு எல்இடி டிவி 30 வாட்ஸ், பாக்ஸ் எல்என்பியோட சேத்து 15 வாட்ஸ், இன்வெர்ட்டர் தின்னுறதையும் சேத்தா 55 வாட்ஸ்னு வைங்க. 12 வோல்ட்டுல அது நாலரை ஆம்பியர். நாலு மணி நேர மேட்ச்னா 18 ஏஎச் (ஆம்பியர்-மணி). சின்ன கார் பேட்டரியே மொத்தம் 35 ஏஎச்தான், அதுல பாதிக்கு மேல இறக்கக்கூடாது. ஒரு மேட்சோட கணக்கு முடிஞ்சுது. அதுக்கு மேல ஹைலைட்ஸ், பாட்டுன்னு ஓட்டுனா காலையில அஞ்சு டிகிரி குளிர்ல செல்ஃப் "கட கட"ங்கும், ஸ்டார்ட் ஆகாது, தள்ளுறதுக்கு கொண்டை ஊசி வளைவு நல்ல இடமில்ல.

தனியா ஒரு பேட்டரி, இல்ல போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் (பெரிய பவர் பேங்க் மாதிரி) கொண்டு போனா நிம்மதி. நிறைய பாக்ஸ் அடாப்டர் 12 வோல்ட் டிசிதான், அதை நேராவே குடுக்கலாம், ஆனா இன்ஜின் ஓடுறப்ப கார்ல 14 வோல்ட்டுக்கு மேல வரும், நடுவுல 12 வோல்ட் ரெகுலேட்டர் ஒண்ணு போடுங்க, ப்ளஸ் மைனஸ் பாத்து மாட்டுங்க.

மூடுபனி வந்தா படம் போயிருமா?

போகாது. கையை நீட்டினா விரல் தெரியாத மஞ்சுலகூட படம் ஜம்முனு ஓடும், பனித்துளி அந்த அலைக்கு ரொம்பப் பொடி. மழைத்துளிதான் பெரிசு, அதுதான் தடுக்கும். சாரலுக்கு ஒண்ணும் ஆகாது, கொட்டுற மழைக்கு போகும், விட்டதும் தானா வரும், அப்ப போய் டிஷ்ஷ திருப்பாதீங்க. விடியக்காலைல தகட்டுல தண்ணிப் படலமோ ஊட்டியில உறைபனியோ படிஞ்சு குவாலிட்டி குறைஞ்சா ஒரு துணியால தகட்டையும் எல்என்பி மூக்கையும் துடைங்க, போதும்.

ஜூலை ஆகஸ்ட்ல அவலாஞ்சி, கூடலூர் பக்கம் டிஷ்ஷோட போறேன்னு கிளம்பாதீங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 செமீ மழை. அங்க அப்ப டிவி இல்ல, டென்ட்டே நிக்காது.

இடி மின்னல்?

ஐபிஎல்லும் கோடை இடிமழையும் ஒரே சீசன், ஏப்ரல் மே மதியத்துக்கு மேல கொடைக்கானல்ல கறுத்துக்கிட்டு வரும். இடிச்சத்தம் கேட்ட உடனே பாக்ஸ்ல இருந்து ஒயரக் கழட்டி டென்ட்டுக்கு வெளிய தள்ளிப் போட்டுருங்க. வெட்டவெளியில இரும்புக் கம்பம், அதுல இருந்து செம்பு ஒயர் நேரா நீங்க படுத்திருக்குற இடத்துக்கு வருது. ஸ்கோர் தெரியணும்னா கொடை எஃப்எம் 100.5, பேட்டரி ரேடியோல.

காட்டெருமை, குரங்கு?

கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரில காட்டெருமை ராத்திரி சாதாரணமா நடந்து போகும். ஒயர இடுப்பு உயரத்துல கட்டி இழுக்காதீங்க, கால்ல மாட்டுனா அது மிரண்டு ஸ்டாண்டோட இழுத்துட்டு உங்க பக்கமே ஓடி வரலாம். தரையோட தரையா படுக்க விட்டு அங்கங்க கல்லு வைங்க. பக்கத்துல வந்து நின்னா டிவியை அணைச்சுட்டு உள்ள இருங்க, படம் எடுக்க வெளிய வராதீங்க. குரங்குக்கு எல்என்பி ஒயர் விளையாட்டு சாமான், பகல்ல ஆள் இல்லாம விட்டுட்டுப் போகாதீங்க.

கார் டிக்கியைத் திறந்து வெச்சு வியூபாயின்ட்ல டிவி போட்டா செமயா இருக்குமே?

இருக்கும், பத்து நிமிஷத்துல போலீஸ் வந்து கிளப்பி விடுவாங்க. ரோட்டோரம் வேணாம். ரிசர்வ் ஃபாரஸ்ட், முதுமலை புலிகள் காப்பகத்துக்குள்ள ராத்திரி தங்குறது கேஸ் ஆகுற விஷயம். தனியார் கேம்ப்ல மட்டும் போடுங்க, கேம்ப்காரர்கிட்ட அனுமதி இருக்கான்னு கேட்டுட்டு. 2024 மே 7ல இருந்து ஊட்டி, கொடைக்கானல் ரெண்டுக்கும் இ-பாஸ் வேணும், அதையும் கிளம்புறதுக்கு முன்னாடி எடுத்துருங்க. டிக்கி பார்ட்டிய கேம்ப்புக்குள்ள நடத்துங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல சவுண்ட குறைச்சுக்கோங்க, மலையில சத்தம் எதிர் சரிவு வரைக்கும் போகும்.

கார் கேரியர் மேலயே டிஷ்ஷ ஃபிட் பண்ணிட்டா?

வேணாம். ஒருத்தர் கதவைத் திறந்து உக்காந்தா வண்டி அமுங்கும், டிஷ் ரெண்டு டிகிரி ஆடும், படம் போகும்.

கிளம்புறதுக்கு முன்னாடியே இடம் சரியா இருக்குமான்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா?

கேம்ப்காரர்கிட்ட போன்ல கேக்க வேண்டிய ஒரே கேள்வி: "கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் அம்பது அடிக்கு மரம் இல்லாத இடம் கிடைக்குமா?" மத்ததெல்லாம் அப்புறம். அவர் "மொட்டை மாடி இருக்கு"ன்னு சொன்னா யோசிக்காம புக் பண்ணுங்க.

மார்ச் நடுவுல போறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. மார்ச் 16 வாக்குல காலைல 11.15க்கு சூரியன் சரியா 93.5 சேட்டிலைட்டுக்கு பின்னாடி வந்து நிக்கும், செப்டம்பர் கடைசியில 11 மணிக்கு கொஞ்சம் முன்னாடி. அந்த நேரத்துல எந்த இடத்துல மர நிழல் இல்லாம வெயில் விழுதோ அங்க சிக்னலும் விழும். அதே நேரத்துல சில நிமிஷம் சூரியனோட இரைச்சல்ல படமும் போகும், பயப்பட வேணாம், பாக்ஸ்ல கோளாறு இல்ல.

அடுத்த தடவை சீக்கிரமா செட் பண்ண ஏதாவது?

கழட்டுறப்ப உயரத்து நட்டைத் தொடாதீங்க. கிளாம்ப்லயும் எல்என்பி பிடியிலயும் மார்க்கர்ல கோடு போட்டுட்டு, கம்பத்து நட்டை மட்டும் லூஸ் பண்ணி டிஷ்ஷ அப்படியே முழுசா உருவி எடுங்க. கொடைக்கானல்ல செட் பண்ணது நீலகிரிலயும் ஒண்ணு ரெண்டு டிகிரிக்குள்ள நிக்கும், அங்க போய் இடவலம் திருப்புற வேலை மட்டும்தான். எஃப் கனெக்டர் முனை ரெண்டுக்கும் டேப் சுத்தி வைங்க, ஈரத்தோட உள்ள வெச்சா அடுத்த தடவைக்குள்ள பச்சை பூத்திருக்கும்.